அண்ணனின் ஜெப நேரம்

அண்ணன் இறந்த பிறகு அப்பா செய்த முதல் காரியம், எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றியதுதான். எனக்கு மகா எரிச்சல். எட்டு வயதுப் பெண் குளித்துக்கொண்டிருக்கும்போது அத்தை பாட்டுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் எரிச்சல் வராதா? கேட்டதற்கு, துருப்பிடித்துவிட்டது, புதுசு வாங்கிப் போடுகிறேன் என்றார். புதுசு வரவேயில்லை. அடுத்து மண்ணெண்ணெய் கேன் காணாமல் போனது. மாத்திரை டப்பா பக்கத்துத் தெரு அத்தை வீட்டு பீரோவுக்குப் போய்விட்டது. இப்படி வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் குறையவும், நாங்கள் வீடு மாற்றப் போகிறோம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வாணியம்பாடிக்குப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தோழியிடம் சொல்லியும் வைத்தேன்.

அம்மா தன்னைத் தானே முடித்துக்கொள்வாள் என்று அப்பா பயந்தார். இன்றைக்கு இதை ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. அன்றைக்கு இதை எனக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அண்ணன் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் வேலை பார்த்தான். ஸ்டோரில் வேலை. கையில் சாயம் ஒட்டாத வேலை என்று அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. அந்த வேலைக்காக அவள் வாரா வாரம் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தாள். வேலை கிடைத்ததும் ஞாயிறு ஆராதனையில் முன்னால் போய் நின்று, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாள். எங்கள் சபையில் நல்லது நடந்தால் அப்படி எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும். என் பிள்ளைக்கு ஆண்டவர் வேலை கொடுத்தார் என்றாள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆற்காட்டிலிருந்து வரவழைத்த மக்கன் பேடா இனிப்பை வாசலில் நின்று எல்லாருக்கும் கொடுத்தது நான்தான். எனக்கு இரண்டு மிஞ்சியது.

அந்த வருஷ மழைக்காலத்தில் கம்பெனியின் கழிவுத் தொட்டியில் அடைப்பு எடுக்க ஒருவர் இறங்கினார். இறங்கியவர் ஏறவில்லை. மேலே நின்றவர்கள் கத்தினார்கள். ஸ்டோரிலிருந்து ஓடி வந்த அண்ணன் யோசிக்கவில்லை. அவரைத் தூக்க இறங்கினான். தொட்டிக்குள் இருந்த விஷவாயு இருவரையும் விடவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர், பிறருக்காகத் தன் உயிரைக் கொடுத்த பிள்ளை என்று பேசினார். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். அம்மா அழவில்லை. போதகரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் அவள் அழவில்லை. ஜெபிக்கவில்லை, பாடவில்லை, வேதத்தைத் திறக்கவில்லை. சோற்றைப் பிசைவாள், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவாள். ராத்திரி விழித்துப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அப்பாவும் இன்னொரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். இருவரில் யாருக்குக் காவல் யார் என்று தெரியாது.

சபைப் பெண்கள் கும்பலாக வந்து ஜெபித்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனால் வாய் சும்மா இருக்க வேண்டுமே. ஓர் அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உம் புள்ள ஆண்டவர்கிட்ட சந்தோஷமா இருக்கான், அழாத" என்றாள். அழாதவளைப் பார்த்து அழாதே என்றால் என்ன சொல்வது?

"இங்க சந்தோஷமா இல்லியா அவன்?" என்றாள் அம்மா.

அதோடு கும்பல் சிறுத்துவிட்டது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் பங்குக்கு அவரும் சர்ச்சுக்குள் கால் வைப்பதை நிறுத்திவிட்டார். எங்களை வாசலில் இறக்கிவிட்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொள்வார். அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாளே ஒழிய, உதடு அசையவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உதட்டையே பார்ப்பேன்.

எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் என்று ஒன்று உண்டு. பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் ஒரு சனிக்கிழமை, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பலிபீடத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் ஜெபித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். அடுத்தவர் வந்து முழங்காலில் நின்ற பிறகுதான் முதல் ஆள் எழலாம். எழுவதற்கு முன்னால், யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று வந்தவர் காதில் சொல்ல வேண்டும். அவர் அதை வாங்கி ஜெபித்து, அடுத்தவர் காதில் போட வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. சகோதரி, சகோதரன் அவ்வளவுதான். பெயர் சொன்னால் அது ஜெபமாக இல்லாமல் ஊர்வம்பாகிவிடும் என்று பெரியவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். நடுவில் யாராவது அடுத்த ஆள் வராமல் எழுந்துவிட்டால் சங்கிலி அறுந்தது. காலையிலிருந்து ஏறின ஜெபம் அத்தனையும் தரையில் விழுந்துவிடும் என்று எங்கள் பெண்கள் உறுதியாக நம்பினார்கள். இது எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று போதகரே ஒருமுறை கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை.

மத்தியானம் இரண்டு மணி அண்ணனுடையது. திடப்படுத்தல் எடுத்து, சபையில் பெரியவர்களோடு சேர்ந்த வருஷத்திலிருந்து அவன்தான் அதில் உட்கார்ந்தான். வேறு யாருக்கும் அந்த நேரம் வேண்டாம். சித்திரை நெருங்குகிற வெயில், தலைக்கு மேல் ஷீட் கூரை, வயிற்றில் மத்தியானச் சோறு. எவ்வளவு பெரிய விசுவாசியானாலும் கண் சொருகும். அண்ணன் ஒருமுறை நெற்றியைத் தரையில் வைத்துக் குறட்டையே விட்டிருக்கிறான். எழுப்பியவரிடம், "ஆண்டவர் மடியிலதான படுத்தேன்" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பாள்.

அந்த வருஷம் சங்கிலி ஜெபத்துக்கு ஆள் பிடிக்கிற அம்மாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, ரெண்டு மணி காலியாக இருக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்று அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அப்பா வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அத யாருக்கும் குடுக்காதீங்க. நானே வந்து உக்கார்றேன்."

பல மாதத்தில் அவள் முழுசாகப் பேசியது அதுதான். வந்த அம்மாள் வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள். அத்தை பாயசம் வைத்தாள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். அப்பா குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மா வழக்கத்துக்கு மேல் சுறுசுறுப்பாக இருந்தாள். ராத்திரிக்கும் சேர்த்துச் சமைத்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என் யூனிஃபார்மைத் துவைத்துக் காயப் போட்டாள். எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டு, சரியில்லை என்று அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். காது அரிக்கிறது என்று கம்மலைக் கழற்றி, என்னுடைய வளையல் டப்பாவில் போட்டு மூடினாள். அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கிளம்பும்போது அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "அம்மா கூடவே இரு. அவ எழுந்தா நீயும் எழு. எங்க போனாலும் கூடவே போவணும், இன்னா?" என்றார். ஒழுங்காக இருந்தால் சாயங்காலம் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போய் ரங்கராட்டினம் ஏற்றுவதாகவும் சொன்னார். எனக்கு அந்த வாக்கே போதும், தலையை ஆட்டினேன்.

சர்ச் படியில் செருப்பைக் கழற்றும்போது அம்மா வேறொன்று சொன்னாள். "முடிஞ்சதும் நீ நேரா வீட்டுக்குப் போயிடு பாப்பா. எனக்கு ரயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு வேல இருக்கு."

இப்போது என்னிடம் இரண்டு உத்தரவு. நேராக வீட்டுக்குப் போனால் ரங்கராட்டினம் சீக்கிரம் வரும் என்று அதை எடுத்துக்கொண்டேன். "சரிம்மா" என்றேன்.

அம்மாவுக்கு முந்தின மணி, ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவுடையது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் அவருடைய ரகசியம் தெருவுக்கே கேட்கும். அம்மா பக்கத்தில் போய் முழங்காலில் நின்றதும், அவர் கண்ணைத் திறக்காமலே அம்மாவின் தோளைத் தடவிக் காதைக் கண்டுபிடித்து, தான் வாங்கியதை மனப்பாடமாக ஒப்பித்தார். கிட்னி கெட்டு வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியவர். பத்தாவது பரீட்சை எழுதும் பிள்ளைகள். குடிக்கிற புருஷனோடு கஷ்டப்படும் ஒரு சகோதரி. பிறகு அதே குரலில், "மகனப் பறிகொடுத்த சகோதரி ஒருத்தங்க, அவங்க மனசு தேறணும்" என்றார்.

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தவர், யார் காதில் சொன்னோம் என்று பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார். காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கைமாற்றிக்கொண்டு வந்த ஜெபக்குறிப்பு. இந்த மணிக்கு யார் வரப்போகிறார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. டீச்சரம்மா ஏதோ சொல்ல வந்தார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு அந்தச் சகோதரி யாரென்று தெரியவில்லை. பாவம், நம் வீட்டைப் போலவே இன்னொரு வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா முழங்காலில் நிற்கவில்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தபடி இருந்தாள். வாய் திறக்கவில்லை. மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு வெயிலைச் சுற்றிவிட்டது. அவள் முறைத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் உண்மை. வீட்டில் அப்பா மேல் கோபம் வந்தால் அப்படித்தான் உட்காருவாள், அவர் முதலில் பேசட்டும் என்று.

அவளுடைய மணி முடிந்தது. அம்மா திரும்பி வாசலைப் பார்த்தாள். அடுத்து வர வேண்டியவள், ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிற ஓர் அக்கா. அந்த வருஷம் ஆள் போதாமல், மூன்றிலிருந்து முடியும்வரை அவளுடையதுதான். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை, மூன்று மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். வரவில்லை. அம்மா ஒரு கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"வெளிய போய்ப் பாரு" என்றாள் என்னிடம்.

போய்ப் பார்த்தேன். அக்கா இல்லை. அப்பாவின் ஆட்டோதான் காலியாகச் சர்ச் தெருவில் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போனபோதும் அதே ஆட்டோ, அதே காலி. ஆள் இல்லாத தெருவில் இவர் எதற்குச் சவாரி தேடுகிறார் என்று நினைத்தேன்.

அம்மா எழுந்து போயிருக்கலாம். அவளைத் தடுக்க அங்கே என்னைத் தவிர யாருமில்லை. ஆனால் அவள் கோபமெல்லாம் ஆண்டவர் மேல்தான், கிட்னி கெட்ட பெரியவர் மேல் இல்லை. அந்தப் பெரியவருக்காகவும் பரீட்சைப் பிள்ளைகளுக்காகவும் விடியலிலிருந்து ஒவ்வொருவராக முழங்கால் வலிக்க நின்றிருக்கிறார்கள். அதை அறுத்துப் போட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. எங்கள் பெண்களின் அந்த அசட்டு நம்பிக்கை அவளுக்கும் இருந்தது, அதற்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த அடுத்த மணியிலும் பாதி போன பிறகு அம்மா பேச ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் ஜெபத்துக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது, மேடைத் தமிழ். அம்மா அதை எடுக்கவில்லை. வீட்டில் பேசுவது மாதிரியே பேசினாள்.

"டேனரி வேலதான் வேணும்னு நான் கேட்டனா? ஒரு வேல குடுன்னுதான கேட்டேன். மைக்கப் புடிச்சி எல்லாருக்கும் முன்னாடி உனக்கு நன்றி சொன்னேனே. அப்பவே தெரியும் இல்ல உனக்கு? தெரிஞ்சிதான கேட்டுக்கினு இருந்த? சொல்லு."

காத்திருந்தாள். நானும் சிலுவையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து பதில் ஒன்றும் வரவில்லை.

"அவன் ஏன் எறங்கினான்? அடுத்தவனுக்கு ஒண்ணுன்னா ஓடுன்னு நான்தான சொல்லி வளத்தேன். நீ சொல்லிக் குடுத்தத்தான நான் சொல்லிக் குடுத்தேன்."

  வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பிறகு முழங்காலில் நின்றாள். சண்டை போட்டுச் சலித்தவள் விட்ட வேலையை எடுப்பது போல, டீச்சரம்மா காதில் போட்டதை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரில இருக்கிற பெரியவருக்கு வலி கம்மி ஆவட்டும். அந்தப் புள்ளைங்கல்லாம் பாஸாவட்டும். அந்தக் குடிகாரன நிறுத்து. நிறுத்த முடியலன்னா, அவன் வாணாம்னு சொல்ற தைரியத்த அவளுக்குக் குடு." பிறகு, "மகனப் பறிகொடுத்த சகோதரி" என்றாள். என்றவள் நின்றுவிட்டாள்.



"அவளுக்கு ஒரு பொண்ணு இருக்கு" என்றாள். "சின்னப் பொண்ணு. அதுக்குத் தானா தல வாரிக்கக்கூட வராது. அவளால முடியலப்பா. ஒரு நாளுகூட முடியல. அவளப் புடிச்சிக்கோ. இன்னிக்கு ஒரு நாளு அவளப் புடிச்சிக்கோ."

பிறகு அம்மா அழுதாள். நெற்றியைப் பாயில் முட்டிக்கொண்டு, அடக்க ஆராதனையில் அழ வேண்டியதை, அதற்குப் பிறகான எல்லா ராத்திரிகளிலும் அழ வேண்டியதைச் சேர்த்து அழுதாள்.  அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமல். யாரோ ஒரு சகோதரிக்காக அம்மா இவ்வளவு அழுகிறாளே என்றிருந்தது. அந்தச் சகோதரிக்கு என் மாதிரி ஒரு சின்னப் பெண் இருப்பது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்றும் ஆச்சரியமாக இருந்தது.

அக்கா வந்தபோது பொழுது இறங்க ஆரம்பித்திருந்தது. கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல், பசை வாசனையோடு ஓடி வந்து பாயில் விழுந்தாள். "அக்கா, மன்னிச்சிக்கோங்க. கன்டெய்னர் வந்து நிக்குது, முடிக்காம யாரையும் வெளிய வுடல. போனும் லாக்கர்ல மாட்டிக்கிச்சி. நீங்க போய்ட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அம்மா அவள் காதில் வரிசையாக எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அந்தச் சகோதரியையும் சொன்னாள். அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அழாத. நேரமாச்சி, ஜெபம் பண்ணு" என்றாள் அம்மா.

வெளியே வந்தோம். தெருமுனையில் இடதுபக்கம் போனால் வீடு, வலதுபக்கம் ஸ்டேஷன். அம்மா அங்கே வெகுநேரம் நின்றாள். நான் அவள் புடவையை இழுத்து, "ஸ்டேஷன்ல வேல இருக்குன்னியேம்மா?" என்று நினைவூட்டினேன்.

"கால் மரத்துப்போச்சி" என்றாள். "இன்னிக்கு வாணாம். வீட்டுக்குப் போலாம்."

எதிரே அப்பாவின் ஆட்டோ நின்றிருந்தது. ஏறிக்கொண்டோம். வழி முழுக்க அப்பாவின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அந்த ரோடு அவ்வளவு மோசம் என்று நினைத்தேன்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அம்மா அன்று இரண்டு வாய் சாப்பிட்டாள், அவ்வளவுதான். அடுத்த நாளும் 'இன்னிக்கு ஒரு நாளு' என்று கேட்டாள். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள். இன்றுவரை அவள் ஜெபத்தில் அந்த ஒரு வரி உண்டு. தேறுவது என்பது அவளுக்கு அப்படித்தான் வந்தது. அண்ணனின் மணியில் ஒவ்வொரு வருஷமும் உட்காருகிறாள். அங்கே முதலில் சண்டை, பிறகுதான் ஜெபம். இதைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லிச் சபையில் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார்கள். "ஒரு தடவ சொன்னது போதும்" என்றுவிட்டாள்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே, தக்காளி விலையைச் சொல்வது போல அம்மா அதைச் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு ஸ்டேஷன் பக்கம் என்ன வேலை இருந்தது என்பதை. "அவ மட்டும் டயத்துக்கு வந்திருந்தா நான் போயிருப்பேன்" என்றாள். கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். 

அன்று அந்தப் பாயில் ஜெபித்தது அம்மா மட்டுமில்லை. மூன்று மணி தாண்டியதிலிருந்து, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, விரல் வலிக்கக் கைகளைக் கோத்துக்கொண்டு நானும் ஜெபித்தேன். ஆண்டவரே, ரங்கராட்டினத்துக்கு நேரமாகிறது, அந்த ஷூ கம்பெனி அக்காவை இப்போதே அனுப்பும், இப்போதே அனுப்பும் என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக நான் எதையும் கேட்டதில்லை. அவர் அனுப்பவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு வாரம் நான் சாப்பாட்டு ஜெபம் சொல்லாமலே சாப்பிட்டேன்.